உளுந்துக்கு ஒரே வாசல்: பர்மாவின் இந்தியப் பருப்பு ஏற்றுமதி, ஒரு நிகழ்வு ஆய்வு

ரங்கூன் பயின்னாவுங் மொத்தச் சந்தையில் என் தாய்மாமா உளுந்துத் தரகு செய்கிறார். மூட்டையைக் குத்தூசியால் குத்தி, உள்ளங்கையில் விழுவதை முதலில் ஊதுவார்; தூசியும் தொலியும் பறக்கும். அப்புறம் விரலால் பரத்தி, சொத்தை எத்தனை, சுருங்கின மணி எத்தனை, மண் உருண்டை எத்தனை என்று பார்ப்பார். கடைசியாக இரண்டு மணியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் காய்ச்சல் சரி. பல்லில் பதிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கன்டெய்னருக்குள் பூட்டிக் கிடக்கும்போது வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். பெரிய, சீரான மணி 'எஸ்.க்யூ.' நடுத்தரமாக, கலவையாக வருவது 'எஃப்.ஏ.க்யூ.' எஸ்.க்யூ. சரக்கைத் தேடி வாங்குவது தமிழ்நாடுதான். இட்லி மாவு நிறையக் காண வேண்டும் என்பது அங்கே உள்ள கணக்கு. விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தில் உளுந்துக்கு நேரே 'பர்மா' என்று தனி வரியே உண்டு.

2017 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு காலை, மாமாவின் கைபேசிக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். "அண்ணாச்சி, கன்டெய்னரை ஏத்தாதீங்க. டெல்லியில ஆர்டர் போட்டுட்டாங்க." மாமா கேட்டது ஒன்றுதான்: "ஏத்தினது என்ன ஆகும் தம்பி?" அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. எல்.சி., அதாவது பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம், திறந்த சரக்குக்கு ஏதோ வழி இருக்கும், மற்றதைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார். மாமாவின் வியாபாரத்தில் எல்.சி. அபூர்வம். இருபது வருடப் பழக்கத்தில், வாய் வார்த்தையில் நடந்த வியாபாரம் அது.

ஒரு நாட்டின் அரசு, ஒரு பயிருக்கு ஒரு வெளிநாட்டுச் சந்தையைக் கட்டி எழுப்பவும் காப்பாற்றவும் என்னென்ன செய்தது, அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. அந்தப் பயிரை விதைப்பவர்களிலும் விற்பவர்களிலும் எங்கள் ஆட்கள், பர்மாத் தமிழர்கள், இருக்கிறார்கள். அதைத் தின்பவர்களிலும் எங்கள் ஆட்கள்தான்.

பருப்பு எப்படி ஏற்றுமதிப் பயிரானது

பர்மா என்றதும் தமிழ்நாட்டில் பழைய ஆட்களுக்கு அரிசிதான் நினைவுக்கு வரும். ஐராவதி டெல்டா நெல்லுக்குச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், 1938 வாக்கில் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்கள் பெயருக்கு வந்தது. அது வேறு பெரிய கதை. 1962 ராணுவப் புரட்சிக்குப் பிறகு கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பிப் போனார்கள். இருந்தவர்கள் வியாபாரத்தைச் சிறிதாக்கிக்கொண்டு இருந்தார்கள்.

1988க்குப் பிறகு ராணுவ அரசு வெளி வணிகத்தைக் கொஞ்சம் திறந்துவிட்டது. அரிசி ஏற்றுமதியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. ஊரில் அரிசி விலை ஏறினால் ஆட்சிக்கே ஆபத்து என்ற பயம். பருப்பைத் தனியாருக்கு விட்டது. விவசாயி அரசு விலைக்கு அளக்க வேண்டியதில்லை, வியாபாரி டாலர் விலைக்கு விற்கலாம். அந்த ஒரு முடிவு ஒரு தலைமுறையின் பயிர் முறையையே மாற்றியது. பின்னால் வந்த எந்த ஏற்றுமதித் திட்டத்தைவிடவும், அரசு தள்ளி நின்ற அந்தக் காரியம்தான் அதிகம் சாதித்தது என்று நான் நினைக்கிறேன்.

நிலமும் ஒத்துழைத்தது. பெகு, ஐராவதி பக்கங்களில் மழைக்கால நெல் அறுத்த பின் வயலில் ஈரம் மிச்சம் இருக்கும். அந்த ஈரத்திலேயே உளுந்தும் பாசிப்பயறும் முளைத்து வந்துவிடும். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், உரமும் கொஞ்சம் போதும். விதைப்பு அக்டோபர், நவம்பர் வாக்கில். அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். துவரை மட்டும் நடு பர்மாவின் வறண்ட பூமிக்குரியது: சகாய்ங், மக்வே, மாண்டலே. இந்திய வியாபாரிகள் அதை 'லெமன் துவரை' என்பார்கள். இங்கே உளுந்துக்கு மட்பே, துவரைக்குப் பெசிங்கோன், பாசிப்பயறுக்குப் பெடிசெய்ன் என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பாசிப்பயறைச் சீனாவும் வாங்கும், இந்தோனேசியாவும் வாங்கும், ஐரோப்பாவும் வாங்கும். உளுந்தும் துவரையும் அப்படி இல்லை. பர்மியச் சமையலில் அவற்றுக்கு இடம் குறைவு. காலையில் அவர்கள் சாப்பிடுவது வேறு அவரை வகை, அவித்த பே-பியோக். ரங்கூனில் உளுந்தை ஊறப்போட்டு அரைப்பது பெரும்பாலும் எங்கள் வீடுகளும், அனவ்ரத்தா சாலைக் காளி கோவில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளும்தான். ஆக, விளைவது மலையளவு, ஊரில் செலவாவது கைப்பிடி. மிச்சத்துக்கெல்லாம் ஒரே வாசல் இந்தியா.

வாசல் அடைபட்டது

2014, 2015 இரண்டு வருடமும் இந்தியாவில் மழை பொய்த்தது. 2015 கடைசியில் அங்கே துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. டெல்லியில் மத்திய அரசுக்குப் பருப்பு விலை அரசியல் தலைவலியானது. வெளிநாடுகளில் பருப்பைப் பிடித்து வைக்க வேண்டும் என்று தேடினார்கள். 2016 ஜூலையில் மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் கையெழுத்தானது: முதல் வருடம் ஒரு லட்சம் டன், வருடா வருடம் 25,000 டன் கூட்டி, 2020-21இல் இரண்டு லட்சம் டன். அதே நேரத்தில் இந்தியக் குழு பர்மாவுக்கும் வந்தது. இங்கே ஒப்பந்தம் எதுவும் ஆகவில்லை.

அந்த நேரத்தில் அது பெரிய இழப்பாக யாருக்கும் தோன்றவில்லை. விலை ஏறிக்கொண்டே போனது. இந்தியா எவ்வளவு அனுப்பினாலும் எடுத்துக்கொண்டது. கையில் காசு புழங்கும்போது காகிதத்தை யார் கேட்பார்கள்? விவசாயிகள் இன்னும் அதிக நிலத்தில் உளுந்து போட்டார்கள். எங்கள் உறவினர்களில் ஒருவர் அந்த வருடம்தான் கைடிராக்டர் வாங்கினார்.

2016இல் இந்தியாவில் மழை நன்றாகப் பெய்தது. விலை பார்த்து அங்குள்ள விவசாயிகளும் பருப்பையே விதைத்திருந்தார்கள். 2015-16இல் ஏறத்தாழ 163 லட்சம் டன்னாக இருந்த இந்தியப் பருப்பு விளைச்சல், 2016-17இல் ஏறத்தாழ 231 லட்சம் டன்னுக்குப் போனது. அங்கே விலை சரிந்தது, விவசாயிகள் கொதித்தார்கள். 2017 ஆகஸ்ட் 5ஆம் தேதி துவரை இறக்குமதி வருடத்துக்கு இரண்டு லட்சம் டன் என்று டெல்லி வரம்பு கட்டியது. ஆகஸ்ட் 21ஆம் தேதி உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து மூன்று லட்சம் டன் என்று இன்னொரு உத்தரவு. மொசாம்பிக்கின் ஒப்பந்தச் சரக்குக்கு இந்த வரம்பு கிடையாது. அவர்களிடம் காகிதம் இருந்தது. எங்களிடம் இருபது வருடப் பழக்கம் இருந்தது.

பயின்னாவுங்கில் உளுந்து விலை முந்தைய வருட உச்சத்தில் பாதிக்கும் கீழே போனது. கிடங்கில் ஏற்கெனவே வாங்கி அடுக்கிய மூட்டைகள். மாமா அந்த வருடம் வாங்கிய கடனை அடைத்து முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தியா தன் விவசாயிகளைப் பார்த்துக்கொண்டதில் தவறு காண நான் வரவில்லை. விதர்பாவிலும் குல்பர்காவிலும் துவரை போட்டவரும் எங்களைப் போலத்தான். பர்மா அரசு தன் விவசாயிக்காக 2016இல் செய்யாமல் விட்டதுதான் என்னை வாட்டுகிறது.

கேட்டுக் கேட்டு நடந்த நான்கு வருடம்

2015இலேயே பர்மா அரசு தேசிய ஏற்றுமதி உத்தி என்று ஒன்றை வெளியிட்டிருந்தது. அதில் முன்னுரிமை பெற்ற துறைகளில் பருப்பும் எண்ணெய் வித்துகளும் உண்டு. தரம், பதப்படுத்தல், புதிய சந்தைகள் எல்லாம் அதில் எழுதியிருந்தன. நல்ல ஆவணம்தான். ஆனால் மூட்டையைக் குத்திப் பார்க்கிறவர் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

வரம்பு போட்ட இரண்டே வாரத்தில், 2017 செப்டம்பர் தொடக்கத்தில், இந்தியப் பிரதமர் மோடி பர்மாவுக்கு வந்தார். கூட்டறிக்கையில் பருப்புக்கு என்றே ஒரு பத்தி வந்தது. இந்தக் கட்டுப்பாடு பர்மா விவசாயிகளைப் பாதிக்கும் என்று இந்தப் பக்கம் எடுத்துச் சொன்னது, நீக்கும்படி, அப்போது பர்மா அரசை வழிநடத்திய ஆங் சான் சூச்சி கேட்டுக்கொண்டார். இரு நாட்டு மக்களின் நலனையும் காக்கும் நீண்ட கால ஏற்பாடு ஒன்று தேவை என்று மோடி சொன்னார். அந்த நீண்ட கால ஏற்பாடு வந்து சேர ஏறத்தாழ நான்கு வருடம் பிடித்தது.

இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு வருடமும் டெல்லி அளவை அறிவித்தது. 2018-19இல் உளுந்துக்கு ஒன்றரை லட்சம் டன். 2019-20இலும் அதே அளவில் தொடங்கி, அங்கே மழையில் பயிர் கெட்டதும் டிசம்பரில் நான்கு லட்சமாக உயர்த்தினார்கள். இறக்குமதி உரிமம் பருப்பு ஆலைகளுக்குத்தான், வியாபாரிகளுக்கு இல்லை. பழைய தொடர்புகள் அதனால் அறுந்தன. சில இறக்குமதியாளர்கள் உயர் நீதிமன்றங்களுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கிச் சரக்கைக் கொண்டுவந்தார்கள். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கட்டுப்பாடு போட அரசுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்ததும் அந்த வழியும் அடைபட்டது.

அளவைவிடப் பெரிய தொல்லை நாள்காட்டி. டெல்லியின் ஒதுக்கீடு ஏப்ரல் முதல் மார்ச் வரையுள்ள நிதியாண்டுக்கு. எங்கள் உளுந்து களத்துக்கு வருவது பிப்ரவரி, மார்ச்சில். ஒதுக்கீடு அறிவித்து, ஆலைகள் விண்ணப்பித்து, பங்கு பிரித்து முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். மழை தொடங்கிய பின் கிடங்கில் உளுந்தை வைத்திருப்பது பூச்சிக்கு விருந்து வைப்பது. அறுவடை நேரத்தில் காசு தேவைப்படும் விவசாயி வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். ஒதுக்கீடு உறுதியான பின் ஏறும் விலை, தாக்குப்பிடித்து வைத்திருந்தவர் கைக்குப் போகும். மாமாவே இதை ஒத்துக்கொள்வார்: "நாலு வருஷமும் நஷ்டம் எனக்குன்னு சொன்னா பொய். ரெண்டு வருஷம் நான் வச்சிருந்து வித்தேன். வயக்காட்டுக்காரன் வச்சிருக்க முடியல."

2021 ஜூன் ஒப்பந்தம்

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வங்கிகள் முடங்கின, ரங்கூன் துறைமுகத்தில் வேலை நின்றது. அதே வருடம் இந்தியாவில் பருப்பு விலை மறுபடி ஏறியது. மே 15ஆம் தேதி துவரை, உளுந்து, பாசிப்பயறு மூன்றையும் டெல்லி தடையற்ற இறக்குமதிக்கு மாற்றியது. ஜூன் மாதம் ஒப்பந்தம் வந்தது: 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து வருடம், வருடத்துக்கு உளுந்து இரண்டரை லட்சம் டன், துவரை ஒரு லட்சம் டன், தனியார் வியாபாரம் மூலமாகவே. மும்பை, தூத்துக்குடி, சென்னை, கொல்கத்தா, ஹசீரா ஆகிய ஐந்து துறைமுகங்களில் இறக்கலாம். சரக்கு பர்மாவில் விளைந்தது என்று அரசு நியமித்த அலுவலகம் தரும் தோற்றச் சான்றிதழ் கூடவே போக வேண்டும்.

இதில் இரண்டு நல்ல விஷயங்கள். அரசு தானே வாங்கி விற்கக் கிளம்பாமல், தனியார் வழியையே வைத்துக்கொண்டது. ஐந்து துறைமுகங்களில் இரண்டு தமிழ்நாட்டுத் துறைமுகங்கள், எஸ்.க்யூ. சரக்கு போக வேண்டிய இடத்துக்கு நேரே போகும். பாசிப்பயறு ஒப்பந்தத்தில் இல்லை. 2022 பிப்ரவரியில் டெல்லி பாசிப்பயறு இறக்குமதியை மறுபடி கட்டுப்படுத்தியபோது அதன் அர்த்தம் புரிந்தது. ஆனால் பாசிப்பயறுக்குத்தான் சீனா வாசல் இருக்கிறதே, அந்த வருடம் யாரும் தலையில் கை வைத்து உட்காரவில்லை.

உளுந்து, துவரை இரண்டுக்கும் தடையற்ற இறக்குமதியை டெல்லி திரும்பத் திரும்ப நீட்டியது. 2025இல் அதை 2026 மார்ச் 31 வரை நீட்டினார்கள். அதனால் அந்த வருடங்களில் ஒப்பந்த அளவு சோதனைக்கு வரவில்லை. இந்தியாவில் விலை சரிந்து, வாசலைச் சாத்த வேண்டிய வருடம் ஒன்று வந்தால்தான் அந்த இரண்டரை லட்சம் டன்னின் மதிப்பு தெரியும். குடை வாங்கியாயிற்று, மழை பெய்யவில்லை என்பது போல.

பெகு பக்கத்தில் என் சித்தப்பா வயல் வைத்திருக்கிறார். ஒப்பந்தத்துக்குப் பின் வந்த முதல் அறுவடைக்குப் போயிருந்தேன். செடியைப் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டு, டிராக்டர் விட்டு மிதித்து, தூற்றிக்கொண்டிருந்தார்கள். எடை இன்னும் வீசைக் கணக்குதான். நம் ஊர்ச் சொல்லேதான் அது, ஆனால் இங்கே ஒரு வீசை 1.63 கிலோ, பழைய மதராஸ் வீசையைவிடக் கூட. நான் பெருமையாகச் சொன்னேன்: "சித்தப்பா, வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் டன் எடுத்துக்கிறோம்னு இந்தியா கையெழுத்துப் போட்டிருக்கு."

"வெல எழுதியிருக்காங்களா?"

"இல்ல சித்தப்பா. டன் மட்டும்தான்."

அவர் தூற்றுகிற முறத்தை நிறுத்தவில்லை. "அப்ப சரி. அடுத்த வருஷம் பாசிப்பயறு கொஞ்சம் சேத்துப் போடுறேன்."

இந்த ஆய்வுக்காக நான் படித்த அறிக்கைகளைவிட அந்த ஒரு கேள்வி எனக்கு அதிகம் புரியவைத்தது.

லாபம் போன வழி

ஒரு அரசு ஒரு கையால் சந்தையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, மறு கையால் அதன் பலனை எடுத்துக்கொள்ளவும் முடியும். 2022 ஏப்ரலில் பர்மா மத்திய வங்கி, வரும் அந்நியச் செலாவணியை ஒரு வேலை நாளுக்குள் உள்ளூர் நாணயமான கியாட்டாக மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. விலை டாலருக்கு 1,850 கியாட். அந்த ஆகஸ்டில் அதிகாரபூர்வ விலையை 2,100 ஆக்கி, ஏற்றுமதியாளர் ஒரு பங்கு டாலரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். வெளிச்சந்தையில் டாலர் விலை அதைவிடப் பல நூறு கியாட் கூட.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு 20 அடி கன்டெய்னரில் 24 டன் உளுந்து போகும். டன் 800 டாலர் என்று வைத்தால் 19,200 டாலர். முழுவதையும் அரசு விலைக்கு மாற்றி, டாலருக்கு 500 கியாட் வித்தியாசம் என்றே கொண்டால், ஒரு கன்டெய்னரில் 96 லட்சம் கியாட் காணாமல் போகிறது. ஏற்றுமதியாளர் அதைத் தன் பையிலிருந்து தர மாட்டார். சந்தையில் வாங்கும்போதே குறைத்து வாங்குவார். அப்படியே இறங்கி இறங்கி அது களத்தில் வந்து நிற்கும். அதே விவசாயி டீசலையும் உரத்தையும் வாங்குவது வெளிச்சந்தை விலைக்கு.

2024 ஜனவரியில் இன்னொரு முயற்சி. டாலர் இல்லாமல் ரூபாய்க்கும் கியாட்டுக்கும் நேரடியாகக் கணக்குத் தீர்க்கும் வழிமுறையைப் பர்மா மத்திய வங்கி அறிவித்தது. இந்தியப் பக்கத்தில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் தனி ரூபாய்க் கணக்கு வழியாக. சென்னை ஆலைக்காரர் ரூபாய் கட்டுவார், இங்குள்ள வங்கி வழியாக வியாபாரிக்குக் கியாட் வரும். டாலர் தட்டுப்பாட்டுக்கு இது நியாயமான மருந்து. ஆனால் சேரும் ரூபாயைச் செலவழிக்க இந்தியாவிலிருந்து மருந்து போன்ற சரக்கு இந்தப் பக்கம் தடையில்லாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். எந்த விலைக்கு மாற்றுகிறார்கள் என்பதும் இருக்கிறது. அந்த விலை நேர்மையாக இல்லாவிட்டால் டாலர் போய் ரூபாய் வந்தது என்பதைத் தவிர களத்தில் எதுவும் மாறாது.

டெல்லிப் பக்கமும் சும்மா இல்லை. 2023 ஜூனில் துவரை, உளுந்து இருப்புக்கு உச்சவரம்பு வைத்தார்கள்; இறக்குமதியாளர் சுங்கத்தில் எடுத்த சரக்கை 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். அதனால் அவர்கள் வாங்குவது கொஞ்சம் கொஞ்சமாக ஆயிற்று, கிடங்குச் சுமை இந்தப் பக்கம் வந்தது. துவரை விளையும் சகாய்ங், மக்வே பகுதிகளில் சண்டை. அங்கிருந்து ஒரு லாரி ரங்கூன் வந்து சேர்வதே இப்போது தனிப் பாடு.

அடுத்த ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

வரவேண்டிய ஒப்பந்தத்தைப் பற்றி எனக்கு ஒரு தெளிவு இருக்கிறது. அளவு மட்டும் போதாது. இந்தியா தன் விவசாயிக்கு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒட்டியாவது, இந்த அளவுச் சரக்குக்கு, அதற்குக் கீழே போகாத ஒரு அடி விலையை இரு அரசுகளும் பேசலாம். அப்போது இந்திய விவசாயிக்கும் மலிவுச் சரக்கு வந்து குவியும் என்ற பயம் இருக்காது. ஒப்பந்த ஆண்டை ஏப்ரலில் தொடங்காமல் அக்டோபரில் தொடங்க வேண்டும். விதை எடுக்கும் மாதத்திலேயே வரும் அறுவடையின் அளவு தெரிந்திருக்க வேண்டும். டெல்லி எந்த மாற்றம் செய்தாலும் நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் பயிருக்கு அது பொருந்தாது என்று ஒரு வரி வேண்டும். இந்தப் பக்கத்தில், உளுந்து விற்ற காசை மாற்ற வெளிச்சந்தை விலையே கிடைக்க வேண்டும். சித்தப்பா மாதிரி ஆட்கள் பாசிப்பயறுக்கு மாறுவதற்கு விதையும் கடனும் நேரத்தில் கிடைக்க வேண்டும். ஒரே வாசலை நம்பியிருக்கும் நிலை குறைய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

2025-26 இந்த ஒப்பந்தத்தின் கடைசி வருடம். இந்திய நிதியாண்டு மார்ச் 31ஆம் தேதி முடிகிறது. பெகுவில் அந்த வாரம் உளுந்தில் பாதி மூட்டை கட்டியிருக்கும், பாதி இன்னும் களத்தில் காய்ந்துகொண்டிருக்கும்.